ஐந்தாமவரைப் பற்றிச் சொல்வதற்கில்லை

எனக்குச் சம்பளமே வாயைக் கட்டிப் பேசுவதற்குத்தான். வெளியுறவு விவகாரங்களில் அரசாங்கத்தின் பேச்சாளர் என்றால், மனத்தில் பட்டதை மைக் முன்னால் சொல்கிறவள் என்று கிள்ளானில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உலகத்தில் எங்காவது குண்டு விழுந்தால் நான் 'நிலைமையை அணுக்கமாகக் கவனித்து வருகிறோம்' என்பேன். தொடர்ந்து விழுந்தால் 'கவலை'. பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தால் 'ஆழ்ந்த கவலை'. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டுமானால் மாடியேறி மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வருவதற்குள் செத்தவர்களைப் புதைத்து முடித்திருப்பார்கள்.

லோகேஸ்வரிக்குக் கோபமே வராது என்று அலுவலகத்தில் எனக்குப் பேர். வரும், நன்றாகவே வரும். பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வாசலை அடைத்துக் காடியை நிறுத்திவிட்டு நிதானமாகத் தோசை சாப்பிடப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேடையில் மட்டும் அதைக் காட்டக் கூடாது.

அந்தப் புதன்கிழமைச் செய்தியாளர் சந்திப்பிலும் நான் காட்டவில்லை. விஷயம் இதுதான். பக்கத்து வட்டாரத்தில் ஒரு நாட்டின் எல்லையோர ஊரில் இருந்த இணைய மோசடிக் கூடம் ஒன்றை அந்த நாட்டு இராணுவம் சுற்றி வளைத்திருந்தது. உள்ளே அகப்பட்டவர்களில் ஐந்து பேர் மலேசியர்கள். நல்ல வேலை என்று இணையத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப் போய், கடப்பிதழைப் பறிகொடுத்து, அடி வாங்கி, ஊர் பேர் தெரியாதவர்களிடம் போனில் பொய் பேச வைக்கப்பட்ட பையன்கள். ஏமாற்றியவன் யார், ஏமாந்தவன் யார் என்று பிரித்துப் பார்க்க அந்த நாட்டுக்குப் பொறுமை இல்லை. எல்லாரையும் சிறையில் போட்டுவிட்டது.

நான் நான்கு பேரின் பெயர்களை வாசித்தேன். ஷப்னம் கையைத் தூக்கினாள். ஓர் இணையப் பத்திரிகையின் நிருபர், பிடித்தால் உடும்புப் பிடி. ஐந்தாமவர் யார் என்று கேட்டாள். குடும்பத்தார் அனுமதி தரவில்லை, ஆகவே ஐந்தாமவரைப் பற்றிச் சொல்வதற்கில்லை என்று மலாயில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் சொன்னேன். யாராவது டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் மகனா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் வேலைக்குரிய அளவு சிரித்து வைத்தேன்.

டத்தோ மகனெல்லாம் இல்லை. கிள்ளானில் லோரி ஓட்டும் இராமலிங்கத்தின் மகன் யுகேந்திரன். என் பெரியம்மா மகள் சீதாலெட்சுமி அக்காவின் மூத்த பிள்ளை. அக்காவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால், தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்த வேண்டிய பிள்ளையை என் மடியில் உட்கார்த்திக் குத்தினார்கள். என் புடவை முழுக்க எச்சிலும் கண்ணீருமாக அழுதான். அவனைத்தான் 'அந்த நபர்' என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

தாழ்வாரத்தில் ஷப்னம் பின்னாலேயே வந்தாள். மேடையில் மேடம், தாழ்வாரத்தில் அக்கா. "பேர் வேணாம்க்கா. தலைய மட்டும் ஆட்டுங்க. நம்ம ஆளா?" என்றாள். ஆட்டியிருக்கலாம். ஒரு சின்ன ஆட்டு. ஆனால் எங்கள் விதி கல்லில் எழுதியது மாதிரி. வெளிநாட்டில் சிறைப்பட்டவரின் பெயரைப் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியே விடக் கூடாது. அந்த விதி நல்ல விதிதான். பல குடும்பங்களைக் காப்பாற்றிய விதி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட விதியாக இருந்தால் மீறிவிட்டுப் போயிருப்பேன்.

அவன் என் அக்கா மகன் என்று முதல் நாளே என் மேலதிகாரியிடம் சொல்லியிருந்தேன். நல்ல மனிதர். நம் தூதரகம் அங்கே கொடுத்த குறிப்பில் ஐந்து பெயர்களும் இருக்கின்றன, கவலைப்படாதே என்றார். குறிப்பு போகும், மேசையிலிருந்து மேசைக்கு. அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், அதில் பாதியை எழுதுகிறவளே நான்தான். ஒரு நாட்டை உலுக்குவது குறிப்பு அல்ல, முகம். அழுகிற அம்மாவின் படம் ஒன்று நாளிதழில் வந்தால் அன்று மாலையே அந்த நாட்டுத் தூதர் போனை எடுப்பார்.

அப்படி ஒரு படம் வந்தது. செலாயாங் மொத்த பாசாரில் காய்கறி பிரிக்கும் முத்து பீவி, மகன் ஜாகிரின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த நாட்டுத் தூதரக வாசலில் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். ஜாகிரும் யுகேனும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகப் போனவர்கள். மற்ற மூன்று பையன்களின் அம்மாக்களும் வந்து சேர்ந்தார்கள். ஒரு சீன அம்மா, இரண்டு மலாய் அம்மா, ஒரு முத்து பீவி. நாடே பார்த்தது. நான்கு படங்கள். ஐந்தாவது படம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் யாரோ தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் தாம்பூலப் பைகள் மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. யுகேனின் தங்கை தாமரைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை குரு, செமினியில் பல் டாக்டர். அவர் அப்பா கோயில் கமிட்டித் தலைவர், அம்மா இராஜம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. லோரிக்காரர் வீட்டுக்கு இப்படி ஒரு சம்பந்தம் வருவது குதிரைக் கொம்பு என்பது அக்காவின் கணக்கு. அண்ணன்காரன் வெளிநாட்டு ஜெயிலில் மோசடிக் கேசில் கிடக்கிறான் என்று தெரிந்தால் அந்தக் குதிரை ஓடிவிடும். ஆகவே யுகேன் பெர்த்தில் வேலை பார்க்கிறான், லீவு கிடைக்கவில்லை.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். நாலு பையன்களுக்கு நாடே குரல் கொடுக்கிறது, நம் பையனுக்கு யாரும் இல்லை, ஒரு கையெழுத்துப் போடு, ஒரு படம் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தாமரை உள்ளேயிருந்து வந்து, கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவளை அக்கா பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே போய்விட்டாள்.

"சொல்லிட்டாதான் என்னா, சீதா?" என்றார் இராமலிங்கம் மாமா. போர்ட் கிள்ளான் முழுக்க ஹாரன் அடித்தே வழி வாங்கும் மனிதர், வீட்டில் அவ்வளவுதான் அவர் சத்தம்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். "டிவியில எல்லாத்தையும் பூசி மொழுகுறல்ல, லோகா? ஊருக்கெல்லாம் மொழுகுற. எனக்கு ஒரு கல்யாணம் முடியிற வரைக்கும் மொழுக மாட்டியா?"

பத்து நிருபர்களைச் சமாளிப்பேன், என் அக்காவைச் சமாளிக்க முடியாது. அவள் தீயவள் இல்லை. மகனுக்காக இராத்திரியெல்லாம் அழுது, காலையில் முகம் கழுவி, மகளுக்காக ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறவள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கலாம் என்று நம்பினாள். கொஞ்ச நாள்தானே என்றாள். சிறையில் கொஞ்ச நாள் என்று ஒன்று கிடையாது என்று கத்தினேன். பசியாறிவிட்டுப் போ என்றாள். பசியாறாமல் வந்துவிட்டேன். பாதி வழியில் காடியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைக் கையால் அடித்தேன், கைதான் வலித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அதே கூத்து. ஷப்னம் கேட்பாள், நான் சொல்வதற்கில்லை என்பேன். போகப் போக ஐந்தாமவரைப் பற்றிக் கதைகள் கிளம்பின. அவன்தான் மற்ற நால்வரையும் ஆள் பிடித்துக் கூட்டிப் போனவன் என்று யாரோ எழுதினார்கள். பெற்றவர்களே வெட்கப்படுகிறார்கள் என்றால் பையன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று கீழே கருத்துகள். ஒருவர் அந்தக் கருத்தைத் தமிழிலேயே எழுதியிருந்தார். மைக்கைப் பிடித்து, அவன் கரப்பான் பூச்சிக்குப் பயப்படுகிற பையன், முட்டாள்களே என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. 'யூகங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்றேன்.

முத்து பீவியின் வெயில் வீண் போகவில்லை. எங்கள் அமைச்சர் நேரிலேயே போய்ப் பேசினார். நால்வரை விடுவிக்க அந்த நாடு சம்மதித்தது. ஐந்தாமவரின் விசாரணை தொடரும் என்றது. நால்வரும் வந்து இறங்கிய நாள், தாமரையின் கல்யாணத்துக்கு முந்தின நாள். விமான நிலையத்தில் நான்தான் பேச வேண்டும். நான்கு அம்மாக்கள் நான்கு பையன்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கேமராக்காரர்கள் முட்டி மோதினார்கள். அரசாங்கம் மகிழ்ச்சி அடைகிறது என்று அறிவித்தேன். அது அனுமதி தேவைப்படாத சொல்.

கூட்டம் கலைந்ததும் ஜாகிர் என்னிடம் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். நான் யுகேனின் சின்னம்மா என்பது அவனுக்குத் தெரியும்.

"ஆன்டி, எங்க அம்மா படம் வந்த பேப்பரைக் காட்டித்தான் ஆபீசர் என்னை விட்டாரு. யுகேன்கிட்ட, ஒன்னை யாருமே கேக்கலியேடா, அப்ப நீதான் தலைவன்னு சொல்லி அடிச்சாங்க. அவன் எங்க அம்மா படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தான்."

அவன் இன்னும் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு கண்மையைத் திருத்திக்கொண்டு நேராகக் கிள்ளானுக்குப் போனேன். மணப்பெண் வீடு, நலங்கு நடந்துகொண்டிருந்தது. அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய் ஜாகிர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், நாளைக்கு ஒரு பொழுது போகட்டும் லோகா, என்றாள். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் கல்யாணம் நடந்த டேவான் நிறைந்திருந்தது. செமினிக்காரர்கள் ஒரு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்து, அக்கினிக்குப் பொரியிட வேண்டிய நேரம் வந்தது. பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போட வேண்டியவன் கூடப் பிறந்தவன். குருக்கள் நிமிர்ந்து பார்த்து, பொண்ணோட அண்ணன் வாங்க என்றார். யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

அக்கா மேடையிலிருந்து என்னைத் தேடிப் பிடித்துக் கண்ணால் கெஞ்சினாள். அறிவிப்பாளர் பையனிடம் ஏதோ சொன்னாள். அவன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ஊர் அறிந்த பேச்சாளர் ஒருத்தி குடும்பத்தில் இருக்கும்போது வேறு யார் சொல்வது? டிவியில் பார்த்த முகம் என்று செமினிக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள்.

சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஒரே வாக்கியம். ஆனால் தாமரையின் கழுத்தில் தாலியின் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. நான் எழுந்து நின்று, மணமகளின் அண்ணன் யுகேந்திரன் பணி நிமித்தம் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய வாழ்த்தும் அன்பும் இந்த மணமக்களுக்கு என்றும் உண்டு, அவர் சார்பில் ஒன்றுவிட்ட தம்பி பொரியிடுவார் என்றேன். நல்ல தமிழ், தட்டுத் தடங்கல் இல்லை. கைதட்டினார்கள். அவன் பெயரை நான் முதன்முதலாக ஒலிபெருக்கியில் சொன்னது அங்கேதான், அதுவும் பொய்க்குள்ளே வைத்து. பொரி வாங்கும்போது தாமரை குலுங்கி அழுதாள். பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் இராஜம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். குழாயை மூடிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"யுகேன் தம்பி எப்ப வரும்னு ஏதாச்சும் தெரிஞ்சதாம்மா?"

பெர்த்தில் லீவு கிடைக்கவில்லை என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்களுக்கு நிச்சயம் முடிஞ்ச வாரமே தெரியும்மா. செலாயாங் பாசார்ல முத்து பீவி பக்கத்துக் கடை எங்க தம்பி கடைதான். குருகூட, அத்தை வீட்டுல போய்க் கேக்கவான்னான். நாந்தான் வேணாம்னுட்டேன். அவங்களே சொல்லாதப்ப நாமளாப் போய்க் கேட்டா மரியாதையா இருக்காதுல்ல. மனசு கஷ்டப்படும்னு பேசாம இருந்துட்டோம் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அக்கா வீட்டில் மூடினார்கள். மூடியதைத் திறந்தால் நன்றாக இருக்காது என்று இவர்கள் திரும்பிக்கொண்டார்கள். இரு தரப்பும் மரியாதைக்குக் குறைவில்லாமல் நடந்துகொண்டதில் நடுவில் ஒரு பையன் அடி வாங்கிக்கொண்டிருந்தான். இந்த மாதிரி மரியாதையை நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன். அங்கே அதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் இராஜம்மாவைப் பார்த்தாள். அவர் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார். அக்கா பட்டுப்புடவையோடு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டாள். இராமலிங்கம் மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கூடவே யுகேனின் படம் ஒன்றையும் எடுத்தார். எத்தனை நாளாகப் பையில் வைத்திருந்தாரோ, மூலைகள் மடங்கிப் போயிருந்தன.

அடுத்த புதன்கிழமை சந்திப்பு மண்டபம் நிரம்பி வழிந்தது. எனக்காக இல்லை. டுரியான் ஏற்றுமதி ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகியிருந்தது, அமைச்சர் பின்னால் வந்து அதைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. ஷப்னத்தின் நாற்காலியில் வேறு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவளை ஏதோ இடைத்தேர்தலுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான்.

நான் படத்தைத் திரையில் போட்டேன். பெயரைச் சொன்னேன். யுகேந்திரன் அனாக் லெலாக்கி இராமலிங்கம், கிள்ளான். மலாயில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன். அனுமதி வாங்காமல், இராமலிங்கத்தின் மகன் என்று தமிழிலும் சொன்னேன். இந்தப் பையன் ஏமாற்றப்பட்டவன், குற்றவாளி அல்ல, இவனை எங்களிடம் அனுப்புங்கள் என்று என் குரல் கொஞ்சம் உயர்ந்தே போனது. நிமிர்ந்து பார்த்தேன். பாதிப் பேர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த நால்வர்தான் வந்துவிட்டார்களே, கதை முடிந்துவிட்டதே. கேள்விகள் உண்டா என்றேன். முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முசாங் கிங் டுரியானை முழுதாக அனுப்புவார்களா, உறைய வைத்து அனுப்புவார்களா என்று கேட்டார்.

அதற்கும் பதில் சொன்னேன்.

அறைக்கு வந்ததும் போன் அடித்தது. அக்கா நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இராஜம்மாவும் செமினியிலிருந்து பார்த்தாராம். யாரும் ஏன் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டாள். கேட்பார்கள், கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். அதே 'கொஞ்ச நாள்' என்று அவள் சொன்னபோது நான் எப்படிக் கத்தினேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

"மைக்கு சரியில்லையோ என்னமோ," என்றாள் அக்கா. "நாளைக்கும் சொல்லு, லோகா. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

நாளைக்குச் சந்திப்பு இல்லை. அடுத்த புதன்கிழமைதான். சரிக்கா என்றேன்.